சுபேதாரின் புதுத் தீனி

தன் வீட்டுப் பூனைகள் எதைத் தின்ன வேண்டும் என்பதை இனி தானே முடிவு செய்வது என்று பெனிஸ்டன் உறுதி எடுத்தபோது, அவர் கையில் மனைவியின் புடவை பாதி மடித்த நிலையில் இருந்தது. மீதிப் பாதியையும் மடித்து வைத்துவிட்டுத்தான் உறுதியைத் தொடர்ந்தார்.

வடக்கே கோர்படியில் ஒரு ராணுவ அலுவலகத்தில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்று, அந்த ஊரிலேயே தங்கிவிட்டவர் பெனிஸ்டன். அலுவலகத்தில் அவர் உள்ளே வந்தால் எழுந்து நிற்க ஓர் அறை நிறைய ஆட்கள் இருந்தார்கள். இப்போது எழுந்து நிற்க மிச்சம் இருப்பது இரண்டு பூனைகள்தான். பெரியது சுபேதார், சாம்பல் நிறக் கடுவன். சின்னது பிஸ்தா. மனைவி கிளாரிசா இன்னும் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவள் உள்ளே வந்தால் அவர்தான் எழுந்து நிற்பார்.

சுபேதார் கொஞ்ச நாளாக வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். ரோமம் பழைய கால்மிதி மாதிரி ஆகியிருந்தது. தெருமுனை மளிகைக்காரரின் கிரானா கடையில் வாங்கும் தீனியை நிறுத்துங்கள் என்று மிருக டாக்டர் சொல்லிவிட்டார். அந்தத் தீனி சிவப்பும் பச்சையுமாக மீன் வடிவத்தில் இருக்கும். மீனுக்கும் அதற்கும் அந்த வடிவத்தைத் தவிர வேறு உறவு கிடையாது. கிளாரிசா கோழிக்கறி அதிகம் சேர்த்த பழுப்பு உருண்டைகளைப் பெரிய பையாக வாங்கி வந்தாள்.

"என்னது இது, ஆட்டுப் புழுக்கை மாதிரி?"

"உசந்த தரத்து உலர் உணவுங்க."

"உலர் உணவா, உளறல் உணவா?"

கிளாரிசா சிரிக்கவில்லை. வகுப்பில் இதைவிட நல்ல ஜோக்குகளைக் கேட்டவள்.

"ஒரேடியா மாத்தக் கூடாதாம், வயிறு ஏத்துக்காது. பழசுல கொஞ்சம் புதுசக் கலந்து, நாளாக நாளாகப் புதுசக் கூட்டிட்டே போகணும். நீங்கதான வீட்ல இருக்கிய, செய்யுதியளா?"

"அதுக திங்காது."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என்ட்ட சொல்லும்."

"என்ட்ட ஒண்ணும் சொல்லலியே."

"உன்ட்ட யாரு என்னத்தச் சொல்ல முடியும்?"

உண்மையில் பெனிஸ்டனின் பயம் வேறு. அந்தச் சிவப்பு பச்சை மீன்களுக்காகத்தான் பூனைகள் தன்னைச் சுற்றி வருகின்றன என்று அவர் நம்பினார். தீனி மாறி, இந்த இரண்டு பேரும் எழுந்து நிற்பதை நிறுத்திவிட்டால் அப்புறம் அவருக்கு யார் இருக்கிறார்கள்?

கலந்து வைத்துப் பார்த்தார். சுபேதார் பழையதை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு, நாம் கறிவேப்பிலையை ஒதுக்குவது போலப் புதியதை ஓரம் கட்டினான். பிஸ்தா முகர்ந்து பார்த்துவிட்டு, கக்கா போனதை மண் தள்ளி மூடுவது போலக் கிண்ணத்தைச் சுற்றித் தரையைப் பிறாண்டியது. பெனிஸ்டனுக்கு நெஞ்சு குளிர்ந்தது.

"பாத்தியா?"

"பாத்தேன். விடுங்க, இனிமே நானே கலந்து வச்சுட்டுப் போறேன்."

அன்றே பெனிஸ்டன் கிரானா கடைக்குப் போய்ப் பழைய தீனியில் நாலைந்து பொட்டலம் வாங்கினார். ஒரு டப்பாவில் கொட்டி, அலமாரி மேல் இருந்த கிறிஸ்துமஸ் குடில் பெட்டிக்குள், பொம்மை மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் ஒளித்து வைத்தார். டிசம்பர் வரை அந்தப் பெட்டியை யாரும் தொட மாட்டார்கள்.

அதன் பிறகு தினமும் காலையில் கிளாரிசாவின் ரிக்ஷா தெருமுனை திரும்பியதும் காரியம் தொடங்கும். அவள் கலந்து வைத்ததைக் கொண்டுபோய்க் கட்டட வாசல் நாய்களுக்குக் கொட்டுவார். பிறகு நாற்காலி போட்டு ஏறி, பெட்டிக்குள் கைவிட்டுத் துழாவி ஒரு பிடி அள்ளுவார். கையில் வந்தது என்ன என்று அவர் பார்ப்பதற்குள் பூனைகள் உள்ளங்கையைக் காலி செய்துவிடும். அலுவலகத்தில்கூட அவருக்கு இப்படி ஒரு மரியாதை கிடைத்ததில்லை.

நாள் போகப் போக ஓர் அதிசயம் நடந்தது. சுபேதாரின் வாந்தி நின்றது. ரோமம் மினுங்கியது. பார்க்கிறவர்களிடம் எல்லாம் கிளாரிசா புதுத் தீனியின் பெருமையைச் சொன்னாள். பெனிஸ்டனுக்கு அதுதான் தாங்கவில்லை. ஜெயித்தவர் அவர், கைதட்டல் அவளுக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, கீழ்வீட்டு சேவியரும் அவர் மனைவி நீலாவும் டீ குடிக்க வந்தார்கள்.

"அண்ணாச்சி, சுபேதாருக்கு எண்ணெய் தேச்சு விடுதியளா? இப்படி மினுங்குது," என்றார் சேவியர்.

"புதுத் தீனி, தம்பி," என்றாள் கிளாரிசா. "உங்க அண்ணாச்சிதான் திங்காதுன்னு அடிச்சுச் சொன்னாரு."

பெனிஸ்டன் டீயைக் கீழே வைத்தார். நாற்காலியை இழுத்தார். அந்தச் சத்தத்துக்கே பூனைகள் இரண்டும் எழுந்து நின்றன. பெட்டியை இறக்கி, டப்பாவை எடுத்து மேசை மேல் வைத்தார்.

"புதுத் தீனிய அதுக ஒரு நாளும் தொடல. இந்த மினுமினுப்பு பூரா நம்ம கிரானா கடைத் தீனி. நான் என் கையால போட்டது."

அடுக்கடுக்காக உதிரும் காரி பிஸ்கட்டை நீலா மொறுக்கென்று கடித்தாள்.

"கண்ணாடியப் போட்டுட்டு டப்பாவுக்குள்ள பாருங்க," என்றாள் கிளாரிசா.

பார்த்தார். சிவப்பு இல்லை. பச்சை இல்லை. மீனும் இல்லை. எல்லாம் பழுப்பு உருண்டை.

"சாயந்தரமானா ரெண்டும் அலமாரி முன்னாடி ஜெபத்துக்கு உக்காந்த மாதிரி அண்ணாந்து பாத்துட்டு இருக்கும். மேல என்ன இருக்குன்னு நாற்காலி போட்டுப் பாத்தேன். அன்னையிலருந்து நீங்க வாக்கிங் போற நேரம் இதுல ஒரு பிடி பழச எடுத்துட்டு ரெண்டு பிடி புதுசப் போட்டேன். டாக்டர் சொன்ன மாதிரியே கொஞ்சம் கொஞ்சமா."

"அதுக ஒதுக்கலியே?"

"என் கிண்ணத்துலன்னா ஒதுக்கும். உங்க கையால குடுத்தா எதையும் திங்கும். புதுச உங்க கையால குடுங்கன்னு சொல்லியிருந்தா செஞ்சிருப்பியளா?"

பெனிஸ்டன் யோசித்தார். செய்திருக்க மாட்டார்.

"அப்போ நீ தினமும் கிண்ணத்துல வச்சுட்டுப் போனது?"

"அது நாய்களுக்கு. கீழ நிக்கிற நாயெல்லாம் எப்படி மினுங்குதுன்னு பாக்கலியா?"

சேவியர் சிரிப்பை அடக்க டீயைக் குடித்தார்; அது மூக்கு வழியாக வந்தது. பெனிஸ்டன் யாரையும் பார்க்காமல் குனிந்தார். சுபேதார் அவர் காலடியில் வந்து, தீனி வாசம் ஒட்டியிருந்த உள்ளங்கையை ஒரு விரல் விடாமல் நக்கினான். அந்த மட்டில் ஆறுதல்தான். கையை அவர் எடுக்கவில்லை.

"சரி, நாளைக்கும் நான்தான் போடணுமா?" என்றார் மெதுவாக.

"நீங்கதான் போடணும். ஆனா டப்பா இனிமே கீழேயே இருக்கட்டும்," என்றாள் கிளாரிசா, அவருக்கு ஆறிப்போன டீயை மாற்றி ஊற்றியபடி. "இந்த வயசுல நாற்காலியில இருந்து விழுந்து கிடந்தா, பாவம், அதுகளுக்கு யாரு தீனி வைப்பா?"