குழலியின் படிப்புக்கு நடுவர்

பட்டிமன்றத்தில் அதிகாரம் மிக்கவர் நடுவர் என்று தமிழ்நாட்டில் ஒரு நம்பிக்கை வேரூன்றியிருக்கிறது. இது தவறு. ராகு விழுங்குவதால்தான் கிரகணம் என்று நம்பியவர்களுக்கு அதிகம் போனால் ஒருவேளைச் சாப்பாடு தவறியது. இந்த நம்பிக்கையால் ஒரு குடும்பத் தலைவரே கவிழ்ந்தார். அந்தத் தலைவர் நான்தான் என்பதால் விவரமாகச் சொல்ல முடிகிறது.

என் மகள் ஏலவார்குழலி பி.யூ.சி. தேறியிருந்தாள். அடுத்து எதைப் படிப்பது என்பதில் வீடு இரண்டாகப் பிரிந்தது. பிரிவினை சரிபாதியாக இல்லை. ஒரு பக்கம் குழலியும் அவள் அம்மா கமலவேணியும். மறுபக்கம் நான். குழலிக்குச் சித்திரம் படிக்க வேண்டும். பட்டணத்தில் ஒரு மகளிர் கல்லூரியில் அதற்கென்றே பி.ஏ. வகுப்பு இருந்தது. எனக்கோ பி.காம். வேண்டும். பாங்குகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டு ஊருக்கு ஊர் கிளை திறந்துகொண்டிருந்த சமயம். நான் காஞ்சிபுரத்தில் ஒரு கிளை நூலகத்தின் நூலகர். கலையை நேசிப்பவனுக்கு என்ன சம்பளம் என்பதை மாதாமாதம் கையில் வாங்கிப் பார்ப்பவன்.

குழலி கையில் பென்சில் அகப்பட்டால் சுவர் தப்பாது. ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் அவள் போட்ட யாளியை வாங்கிப்போய் ஒரு பட்டுப்புடவை முந்தானையில் நெய்ய வைத்தார். புடவை உடனே விற்றுவிட்டது. அதைத் 'தற்செயல்' என்ற தலைப்பின்கீழ் நான் வகைப்படுத்தி வைத்திருந்தேன்.

"அப்பா, பாங்க்ல நோட்டு எண்ணும்போது ஓரத்துல படம் போட்டுக்கலாமா?" என்று ஒருநாள் கேட்டாள்.

அரசாங்கம் அதை விரும்பாது என்று சொல்லி, காரணங்களை வரிசையாக விளக்கினேன். இரண்டாவது காரணத்திலேயே எழுந்து போய்விட்டாள். அன்று அவள் சாப்பிடவில்லை.

விண்ணப்பத்துக்குத் திங்கட்கிழமை கடைசி நாள். ஞாயிறு மாலை எங்கள் கூடத்திலேயே பட்டிமன்றம் வைத்து முடிவு செய்யலாம் என்று அறிவித்தேன். இதில் ஒரு சூட்சுமம் இருந்தது. வீட்டில் என் பேச்சு எடுபடாது, மேடையில் எடுபடும். பி.காம். அணிக்கு நான். நடுவர், பக்கத்து வீட்டு இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் ராஜகோபால். ஒரு பாலிசி எடுப்பதாகச் சொல்லித் தீர்ப்பையும் அவரிடம் முன்கூட்டியே பேசி வைத்திருந்தேன்.

கமலவேணி மறுப்பே சொல்லவில்லை. காபியைக் கொண்டுவந்து வைத்தாள்.

"நீங்க இருக்கசொல்ல அவரா நடுவரு?"

"ஏன், நல்ல மனுஷர்தானே?"

"மனுஷர்தாங்க. தீர்ப்பு சொல்லத் தெரியுமா? நீங்க மாகறல்ல நடுவரா உட்கார்ந்து பேசினத இன்னும் ஜனங்க சொல்லிக்கினு இருக்குது. நம்ம வூட்டுலயே வேற ஆளுன்னா, தெருவுல இன்னா நெனப்பாங்க?"

மாகறல் ஊரே என்னைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பது எனக்குத் தெரியாது. தெரிந்ததும் காபி கூடுதலாக இனித்தது. யோசித்துப் பார்த்தேன். வாதாடி ஜெயிப்பதைவிடத் தீர்ப்பையே மடியில் வைத்துக்கொள்வது சுலபம். சம்மதித்தேன். என் இடத்துக்கு ராஜகோபால். சித்திர அணிக்குக் கமலவேணியும், ராஜகோபாலின் மனைவி ரேணுகாம்பாளும். அணி பிரித்தவள் கமலவேணி. அந்த நேரம் என் மனம் மாகறலில் இருந்தது.

ஞாயிறு மாலை கூடம் நிரம்பி வழிந்தது. தெரு முழுவதையும் அவள் அழைத்திருந்தாள். என் நூலகத்தின் நெடுநாள் வாசகர் முனிசாமி கூடத் தறியை விட்டு எழுந்து வந்திருந்தார். எல்லார் கையிலும் சுண்டல்.

என் முன்னுரையில், வழக்கம்போல நடுவர் இலக்கணத்தை எடுத்துரைத்தேன். நடுவருக்குச் சொந்தக் கருத்து கிடையாது. சபையில் வைத்த வாதம் எதுவோ, அதன்மேல்தான் தீர்ப்பு.

"அப்போ, எந்த வாதம் பலமோ அதுக்குத்தான் தீர்ப்பு, இல்லீங்களா நடுவர் ஐயா?" என்றாள் கமலவேணி. "எல்லாரும் கேட்டுக்கட்டும்னுதான் கேக்கறேன்."

அதிலென்ன சந்தேகம் என்றேன். கைதட்டல் எழுந்தது. ஆரம்பித்து வைத்தவள் அவள்தான்.

ராஜகோபால் எழுந்தார். நேர் எதிரே அவர் மனைவி.

"பி.காம். நல்ல படிப்பு" என்றார்.

ரேணுகாம்பாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நல்ல படிப்புன்னு சொல்றாங்க" என்று திருத்திக்கொண்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. பஞ்சப்படி, பென்ஷன் என்று எடுத்துக் கொடுக்க வாயைத் திறந்தேன். "நடுவரு ஒரு பக்கமா சாயறாருபா" என்றார் முனிசாமி. கூடம் சிரித்தது. வாயை மூடிக்கொண்டேன். பாங்கில் வேலை பார்ப்பவர்களுக்கும் ஆயுள் காப்பீடு அவசியம் என்று கூறி, பிரீமிய விகிதங்களை விளக்கிவிட்டு ராஜகோபால் அமர்ந்தார்.

கமலவேணி நிதானமாகப் பேசினாள். யாளிப் புடவை விற்றதையும், அந்தக் கடைக்காரர் இன்னொரு படம் கேட்டு வந்து நின்றதையும் சொன்னாள். இரண்டாவது எனக்குச் சொல்லப்படாத தகவல். "நெய்யற கை ஊரெல்லாம் இருக்குது. இன்னா நெய்யணும்னு வரையற கை எத்தினி இருக்குது? அந்தக் கைக்கு இந்த ஊர்லயே சோறு இல்லன்னா, வேற எந்த ஊர்லம்மா இருக்குது?"

கடைசியாக ரேணுகாம்பாள் எழுந்தாள்.

"எங்க வூட்டுக்காரரு பி.காம்.," என்றாள். "அவ்ளோதாம்மா நான் சொல்றது."

உட்கார்ந்துவிட்டாள். கைதட்டல் ஓய வெகுநேரமாயிற்று. ராஜகோபாலும் தட்டினார்.

தீர்ப்புக்காக எழுந்தேன். பி.காமுக்குச் சாதகமாகச் சபையில் என்ன வாதம் வைக்கப்பட்டது என்று தேடினேன். பிரீமிய விகிதங்கள்தான் கிடைத்தன. குழலி அடுக்களை நிலைப்படியில் சாய்ந்து நின்றாள். என்னைப் பார்க்காமல், சுவர்ச் சுண்ணாம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். தெருவே என் வாயைப் பார்த்தது.

"சபையில் வைக்கப்பட்ட வாதங்களின்படி" என்று ஆரம்பித்தேன். அப்படி ஆரம்பித்தால் ஒரே இடத்தில்தான் முடிக்க முடியும். சித்திரம் என்று முடித்தேன்.

"நெஜமாவாப்பா?" என்றாள் குழலி.

நடுவர் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது என்றேன். அவள் சிரித்த சிரிப்பில், தோற்றவன் நான் என்பதே சற்று நேரம் மறந்துபோயிற்று.

கூட்டம் கலைந்தபின், மாகறலில் என்னைப் பாராட்டியவர்கள் யார் யார் என்று கமலவேணியிடம் விசாரித்தேன்.

"மாகறல்ல எனக்கு யாரத் தெரியும்?" என்று சொல்லிவிட்டுச் சுண்டல் பாத்திரத்தைக் கழுவப் போனாள்.

குழலி இப்போது ஹாஸ்டலில் இருக்கிறாள். முதல் வருஷத்தில் மனித முகம் வரைந்து பழக வேண்டுமாம். அவள் ஊருக்கு வரும் ஞாயிறுகளில், டிபன் முடிந்ததும் என்னை ஜன்னலோரம் உட்கார வைத்துவிடுகிறாள். மத்தியானச் சாப்பாடு வரை நான் பேசுவதில்லை. தாடை அசைந்தால் கோடு கெட்டுவிடுகிறது.