இறுதி ஊர்தியில் மஞ்சள் விளக்கு

பாலத்தின் ஏற்றத்தில் டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்ததும் டிரைவர் செய்த முதல் வேலை, அதன்மேல் கைக்குட்டையைப் போட்டு மூடியதுதான்.

பக்கத்து இருக்கையில் இறந்தவரின் மனைவி உட்கார்ந்திருந்தார். ஏறியதிலிருந்து கண்களை இறுக மூடியபடி இருந்ததால் அவர் எதையும் பார்க்கவில்லை. பின்னால் பெட்டிக்குள் அவருடைய கணவர். பெட்டியின் ஒரு பக்கம் இறந்தவரின் தம்பி, மறுபக்கம் மாப்பிள்ளை. ஊர்திக்குப் பின்னால் சொந்தக்காரர்களின் கார்கள் வரிசையாக.

காலையில் சாவியைக் கொடுக்கும்போதே முதலாளி சொல்லியிருந்தார்: "இந்த வண்டியைப் பத்தி இன்னும் ஒரே ஒரு கம்ப்ளெயின்ட் வரட்டும். அது காயலான் கடைக்கு, நீ வீட்டுக்கு."

முதலாளிக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒவ்வொரு சவாரி முடிந்ததும் இறந்தவர் வீட்டுக்கு அவரே போன் செய்து, "எல்லாம் திருப்தியா இருந்துச்சா? டிரைவர்மேல குறை ஒண்ணும் இல்லையே?" என்று கேட்பார். அழுகிறவர்களிடம் போய் இதைக் கேட்கலாமா என்று ஒருமுறை டிரைவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "பின்னே யாரைக் கேக்கறது? ஏறிப் போனவரையா?" என்றார் முதலாளி.

டிரைவருக்கு ஒரு முழங்கால் மடங்காது. இந்த வயதில் வேறு யாரும் அவரை வேலைக்கு எடுக்கமாட்டார்கள். வண்டிக்கும் ஏறக்குறைய அதே நிலைமை. ஒரு காலத்தில் அது பேக்கரிக்கு ரொட்டி சுமந்த வேன். கறுப்பு அடித்து, பக்கவாட்டில் கண்ணாடி வைத்து இந்த வேலைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். மழை நாட்களில் இன்னமும் உள்ளே லேசாக ரொட்டி மணக்கும். துக்கத்தில் இருப்பவர்களுக்கு ஏனென்று தெரியாமலே பசிக்கும்.

வண்டி வேகம் குறைந்தது. டிரைவர் மிதித்தார். இன்னும் குறைந்தது.

"என்ன டிரைவர், தூங்கறீங்களா?" என்றார் தம்பி.

"ஏத்தம் சார்."

"பாலம் முடிஞ்சு இறக்கம் வந்தாச்சு."

"இந்த வண்டிக்கு இறக்கமும் கொஞ்சம் ஏத்தம் மாதிரிதான் சார்."

ஓரமாக நிறுத்தி பானெட்டைத் திறந்தார். இன்ஜினுக்குள் போகும் காற்றை அளக்க ஒரு சென்சார் உண்டு, அதில் தூசி படிந்தால் வண்டி இழுக்காது என்று எப்போதோ யாரோ சொன்னது நினைவுக்கு வந்தது. துடைக்கத் துணி வேண்டும். டாஷ்போர்டிலிருந்த கைக்குட்டையை எடுத்துப் போனார். துடைத்த வேகத்தில் அதன் பிளக் கையோடு வந்துவிட்டது. திரும்பச் செருகினார். அது தலையைத் தொங்கப்போட்டபடி நின்றது.

இப்போது இன்ஜின் இளைப்புக்காரர்போல இரைந்தது. கைக்குட்டை இல்லாத டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு ஜெகஜ்ஜோதியாக எரிந்தது.

"சின்ன மாமா, அங்க பாருங்க, இன்ஜின் லைட்!" என்றார் மாப்பிள்ளை. அவர் குரலில் அன்றைக்கு முதன்முறையாக உயிர் வந்திருந்தது. "இது சென்சார் பிரச்சனை. நான் பாத்துக்கறேன்."

பின்னால் வந்த தன் காரிலிருந்து தீப்பெட்டி அளவில் ஒரு கருவியை எடுத்து வந்தார். அதை ஸ்டியரிங்குக்குக் கீழே செருகினால் கோளாறெல்லாம் செல்போனில் தெரியுமாம்.

"ஏழு காட்டுது!" என்றார், பரீட்சை முடிவு பார்ப்பவரைப் போல.

"ஏழும் என்னென்ன?" டிரைவர் கேட்டார்.

"அது எதுக்கு? மொத்தமா அழிச்சுட்டா போச்சு."

"அழிச்சா சரியாயிடுமா சார்?"

"கோளாறே இல்லைன்னு வண்டி நினைச்சுக்கும். ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க."

டிரைவர் ஆஃப் செய்தார். விளக்கு அணைந்தது.

"பாத்தீங்களா!" என்றார் மாப்பிள்ளை.

டிரைவர் ஆன் செய்தார். விளக்கு எரியவில்லை. இன்ஜினும் கிளம்பவில்லை. திரும்பத் திரும்பச் சாவியைத் திருப்பினார். ஒவ்வொரு தடவையும் இன்ஜினின் கனைப்பு இன்னும் கொஞ்சம் மெலிந்துகொண்டே வந்தது. கடைசியில் பேட்டரியும் வாய் மூடிக்கொண்டது.

"மாப்ள, ஏற்கெனவே வீட்டுல ஒரு சாவு. நீங்க இன்னொண்ணு சேக்காதீங்க," என்றார் தம்பி.

தெருக்கோடியில் ஒரு ஒர்க்‌ஷாப் தெரிந்தது. சொந்தக்காரர்கள் கார்களை விட்டு இறங்கி வந்து ஊர்தியைத் தள்ளினார்கள். கோட்டுப் போட்டவர், குதிகால் செருப்போடு ஒரு அம்மா, அழுதுகொண்டே தள்ளிய ஒரு மைத்துனர். தெருவோரம் நின்றவர்கள், இந்தக் குடும்பத்து வழக்கம் இப்படிப் போல என்று நினைத்துத் தலை குனிந்தார்கள். இரண்டு பேர் தாமும் வந்து கை கொடுத்தார்கள். மனைவி மட்டும் முன் இருக்கையில் உட்கார்ந்தபடியே இருந்தார். இறங்கச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.

மெக்கானிக் வெளியே வந்து கறுப்பு வண்டியை மேலும் கீழும் பார்த்தார்.

"அண்ணே, ரிப்பேர் வண்டியா, உள்ள இருக்கறவரா?"

"வண்டிதான்பா. சீக்கிரம். மதியத்துக்குள்ள போகலைன்னா தகன நிலையத்துல கதவைச் சாத்திடுவாங்க."

மெக்கானிக் குனிந்தார், படுத்தார், முனகினார். பேட்டரிக்கு வேறு வண்டியிலிருந்து உயிர் கொடுத்தார். இன்ஜின் சுற்றுவதைச் சொல்லும் சென்சார்தான் போயிருக்கிறது என்று தீர்ப்புச் சொல்லி, பின்கட்டில் செத்துக் கிடந்த வேனிலிருந்து ஒன்றைக் கழற்றி மாட்டினார். இன்ஜின் கிளம்பியது. சொந்தக்காரர்கள் கைதட்டப் போய், பெட்டியைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள். மஞ்சள் விளக்கு திரும்பி வந்தது. இந்தத் தடவை துணைக்கு ஒரு சிவப்பு விளக்கையும் அழைத்து வந்திருந்தது.

"மிதிங்க அண்ணே."

"மிதிச்சுட்டுத்தான் இருக்கேன்."

"நல்லா மிதிங்க."

"இதுக்கு மேல மிதிச்சா கால் ரோட்டுல படும்பா."

இன்ஜின் கொஞ்சமும் அசைந்து கொடுக்காமல் ஒரே சீராக முனகியது. மெக்கானிக் பெடலுக்குக் கீழே தலையை விட்டுப் பார்த்தார். வெளியே வந்தபோது டாக்டர்களுக்கு வரும் அந்த முகம் வந்திருந்தது.

"முதல்லேருந்தே இதுதான் அண்ணே. மத்த சென்சாரெல்லாம் பாவம், அநியாயமா அடி வாங்கியிருக்கு. நீங்க மிதிக்கறீங்கன்னு இன்ஜினுக்குப் போய்ச் சொல்ற சென்சார் செத்துப்போச்சு. நீங்க என்ன மிதிச்சாலும் அதுக்குக் கேக்காது."

"வீட்டுலயும் நான் சொல்றது யாருக்கும் கேக்கறதில்ல," என்றார் டிரைவர். "மாத்த முடியுமா?"

"இந்த மாடலுக்கா? பார்ட்ஸ் வர்றதுக்குள்ள இன்னொரு சாவே வந்துடும்."

"அப்ப ஓடவே ஓடாதா?"

"ஓடாது. நடக்கும். முதல் கியரைப் போட்டுட்டு கிளட்சை விட்டுடுங்க. அதுபாட்டுக்குப் போகும். மிதிச்சு உங்களை வருத்திக்காதீங்க."

பெட்டியை யாராவது தங்கள் காரில் ஏற்றலாமா என்று பேச்சு வந்தது. எல்லாக் காரையும் அளந்து பார்த்தார்கள். இறந்தவர் நல்ல உயரம்.

அப்படியாக ஊர்தி நடந்தது. ஹாரன் அடித்துக் களைத்த வண்டிகள் ஒவ்வொன்றாக முந்திப் போயின. ஊன்றுகோலோடு ஒரு கிழவர் முந்தினார். முந்தும்போது மரியாதையாகத் தொப்பியைக் கழற்றினார். அவரால் அதற்கும் நேரம் ஒதுக்க முடிந்தது.

"எங்க அண்ணன் ஓட்டியிருந்தா இந்நேரம் போய்ச் சேர்ந்திருப்போம்!" என்று கத்தினார் தம்பி. "உங்க முதலாளி நம்பர் என்ன?"

"கதவுல பெரிசா எழுதியிருக்கு சார்."

தம்பி ஓடுகிற வண்டியிலிருந்து இறங்கினார். அதற்காக வண்டியை நிறுத்த வேண்டியிருக்கவில்லை. கதவிலிருந்த எண்ணைப் பக்கத்திலேயே நடந்தபடி நிதானமாகப் படித்துச் செல்போனில் ஏற்றிக்கொண்டார். பிறகு முன்னால் நடந்துபோய்க் காணாமல் போனார்.

டிரைவரின் பாதம் பெடலை மிதித்துக்கொண்டேயிருந்தது. பயனில்லை என்று தெரிந்தும் அவரால் எடுக்க முடியவில்லை. நாளைக் காலையில் எழுந்து எங்கே போவது என்று யோசித்தார். பக்கத்தில் திரும்பி மெதுவாகச் சொன்னார்:

"மன்னிச்சுக்குங்கம்மா."

மனைவி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று டிரைவருக்குத் தோன்றியது. தையல் கடை போயிற்று, பூட்டிக் கிடந்த சினிமாக் கொட்டகை போயிற்று, மாடியில் யாரோ துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொன்றும் போவதற்கு அவ்வளவு நேரம் எடுத்தது.

தகன நிலையத்தில் தம்பி வாசலிலேயே நின்றிருந்தார். உள்ளே கெஞ்சி, கதவைச் சாத்தவிடாமல் பிடித்து வைத்திருந்தார். ஊழியர் கடிகாரத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். பெட்டி உள்ளே போயிற்று. எல்லாம் சீக்கிரமே முடிந்துவிட்டது. அன்றைக்கு வேகமாக நடந்த காரியம் அது ஒன்றுதான்.

வெளியே, மரத்தடி பெஞ்சில் மனைவி உட்கார்ந்திருந்தபோது அவருடைய போன் அடித்தது. முதலாளி. அவர் குரலுக்கு ஸ்பீக்கர் தேவையில்லை. ஊர்திக்குப் பக்கத்தில் நின்ற டிரைவருக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"எல்லாம் திருப்தியா இருந்துச்சாம்மா? உங்க கொழுந்தனார் ஏதோ கோபமா பேசினார். டிரைவர்மேல குறை ஏதும் உண்டா?"

"அண்ணி, விடாதீங்க," என்றார் தம்பி. "ஒண்ணு விடாம சொல்லுங்க."

"ரொம்ப மெதுவா ஓட்டினார்," என்றார் மனைவி.

டிரைவர் சாவியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். திருப்பிக் கொடுக்கத்தானே வேண்டும்.

"அந்த ஆளை இன்னியோட நிறுத்திடறேன்ம்மா. வண்டியையும் தூக்கிப் போட்டுடறேன். மன்னிச்சுக்குங்க."

"அய்யோ, ஒண்ணும் பண்ணிடாதீங்க," என்றார் அவர். "கல்யாணம் ஆனதுலேருந்து எங்க வீட்டுக்காரரோட வண்டியில போறேன். கண்ணைத் திறந்து வெச்சுக்கிட்டுப் போனது இன்னிக்குத்தான்."