டப்பாவுக்கு ஆயுத பூஜை

"இன்னைக்கு அசையவே மாட்டேங்குதுடி," என்றார் திம்மப்பன்.

"எது?"

"டப்பா."

முனிலட்சுமி சுண்டல் கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். டிவியில் தொப்பிக்காரப் பையன் ஒருவன் நெருப்பு மலையில் பாதி ஏறி நின்றான். அவன் பின்னால் பெட்டி மாதிரி ஒரு குட்டி ரோபோ கண்ணை மட்டும் சிமிட்டிக்கொண்டிருந்தது. பையனை ஓட்டுவது திம்மப்பன். ரோபோ தானாகவே ஓடும் என்பது அவர் கண்டுபிடிப்பு.

"அதுக்கும் ஆயுத பூஜை லீவா இருக்கும்," என்று சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குப் போனாள்.

விளையாட்டு மகள் காவியாவுடையது. பர்கூரில் இன்ஜினியரிங் படிக்கிறாள், ஹாஸ்டல். ஒரு பேப்பர் போய்விட்டதென்று, "இந்தக் குரங்காட்டம் சோறு போடுமா? இதைக் கட்டிட்டு அழறதுன்னா வீட்டுப் பக்கமே வராதே," என்று இவர் கத்தி இரண்டு மாதம் ஆகிறது. போனவள் போனவள்தான். "அப்பா கூப்பிட்டா வர்றேன்," என்று அம்மாவிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

கூப்பிட இவருக்கு வாய் வரவில்லை. அவள் பாதியில் விட்ட மலையை ஏறி முடித்து, போட்டோ எடுத்து அனுப்பினால் அவளே பேசுவாள் என்று ஒரு நப்பாசை. மூன்று வாரமாக ஏறுகிறார். இன்றே முடித்துவிட்டால் நாளை விஜயதசமிக்குப் பிள்ளை வீட்டில் இருப்பாள்.

டப்பா இல்லாவிட்டால் முதல் பள்ளத்தையே தாண்டியிருக்க மாட்டார். அதை நினைத்தாலே அவருக்கு மெய்சிலிர்க்கும். பள்ளம் வந்தால் முன்னால் ஓடித் தன் முதுகைக் குறுக்கே கொடுக்கும். இவர் தயங்கினால் காத்து நிற்கும். நெருப்பு உருண்டை வந்தால் நடுவில் பாய்ந்து தான் எரியும். கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாக ரோபோக் கையோடு வேலை செய்கிறவர் அவர். அது சொல்லிக்கொடுத்த இடத்துக்கு வரும். நடுவில் மனுசன் தலை இருந்தாலும் வரும். இதுவோ சொல்லிக்கொடுக்காமலே பாசம் காட்டுகிறது.

"நேத்து நான் விழுந்ததும் அதுவும் பின்னாடியே குதிச்சிருச்சுடி. கூடப் பொறந்தவன் குதிப்பானா?"

"உங்க தம்பியா? எட்டிக்கூடப் பாக்க மாட்டாரு."

ஒரே குறை, டப்பா தினமும் சாயங்காலம் ஐந்தரைக்குத்தான் வேலைக்கு வரும். அந்த நேரத்தில் திரையில் ஆங்கிலத்தில் ஒரு கட்டம் எழும். இவர் பச்சைப் பொத்தானை அமுக்குவார். கட்டம் மறையும், டப்பா துள்ளி எழும். என்ன எழுதியிருக்கிறதென்று அவர் படித்ததில்லை. கம்பெனியில் மெஷின் அலாரம் போட்டால் எவன் படிக்கிறான்? ரீசெட்டை அமுக்கு, ஓட்டு. அவ்வளவுதான் தொழில்.

இன்று லீவு, டப்பாவும் சீக்கிரம் வந்துவிடும் என்று நான்கு மணிக்கே உட்கார்ந்துவிட்டார். கையில் மூன்று உயிர்தான் மிச்சம். அதுவும் போனால் மூன்று வார ஏற்றமும் அழிந்து முதலிலிருந்து ஏற வேண்டும்.

சட்டென்று அவருக்குப் பொறி தட்டியது. நேற்றுக் கம்பெனியில் ஸ்பேனர் முதல் ஃபோர்க்லிஃப்ட் வரை பொட்டு வைத்தாயிற்று. டப்பாவுக்கு யார் வைத்தார்கள்? கோபித்துக்கொண்டிருக்கும்.

கண்ட்ரோலரை மனைமேல் வைத்து, பொத்தானுக்கு ஒன்றாகச் சந்தனம் இட்டு, எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டினார். பயபக்தியோடு எடுத்து ஓட்டினார். சந்தனம் பச்சைப் பொத்தானின் இடுக்கில் இறங்கிவிட்டது. தாவுவதற்கும் அதே பொத்தான்தான். பையன் தாவாமல் நேராகப் பள்ளத்துக்குள் நடந்து போனான்.

"ரெண்டு உயிருதான்டி இருக்கு."

"ஈரத்துணியில துடைங்க."

துடைத்தார். சந்தனம் கரைந்து இன்னும் உள்ளே போயிற்று. பையன் மறுபடியும் நடந்தே போனான்.

"ஒண்ணுதான்டி இருக்கு."

கோபம் வந்தால் முனிலட்சுமி கன்னடத்துக்குத் தாவிவிடுவாள். "ஹோகிரி, ஹோகிரி. போங்க அந்தப் பக்கம். சந்தனம் பூச உங்களை யாரு கேட்டா?"

திம்மப்பன் அவளுடைய ஹேர் டிரையரைப் போட்டுக் காயவைத்தார். சந்தனம் சிமெண்ட்டாக இறுகிவிட்டது. வியர்த்துப்போய் எதிர்வீட்டு வெஸ்லினைக் கூப்பிட்டார். அதே கம்பெனியில் மெயிண்டனன்ஸ். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன், ஆயுத பூஜைப் பொரிக்கும் தவறாமல் வருகிறவன்.

"என்னண்ணே, சுண்டல் ரெடியா?"

"சுண்டல் கெடக்கட்டும். ஒரு உயிருதான் இருக்கு தம்பி. இது போச்சுன்னா எம்பொண்ணு வர மாட்டா."

வெஸ்லினுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒரு கை பொரியை வாயில் போட்டுக்கொண்டு ஸ்குரூ டிரைவரை எடுத்தான்.

அப்போது மணி ஐந்தரை. கட்டம் எழுந்தது. திம்மப்பன் பாய்ந்து அமுக்கினார். பொத்தான் இறங்கவில்லை. கட்டம் அப்படியே நின்றது.

"அலாரம் நிக்குது பாரு. சீக்கிரம் தம்பி, டப்பா வர்ற நேரம்."

வெஸ்லின் டிவிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து படித்தான். பொரி மெல்வது நின்றது.

"இதைத் தினமும் அமுக்குவீங்களாண்ணே?"

"தினமும்தான். ஒருநாள் தவறினதில்ல. ஏன்?"

"இது அலாரம் இல்லண்ணே. 'ரோபோவை ஓட்டறதுக்குக் காவியா ஆன்லைன்ல வந்திருக்கா, உள்ள விடலாமா'ன்னு கேக்குது."