இருபது விநாடி மன்னிப்பு

மனித நாகரிகத்தின் சிகரம், ரயில் சொன்ன நேரத்துக்குப் புறப்படுவதுதான். அந்தச் சிகரத்திலிருந்து மினாமிசாவா நிலையம் நேற்றுக் காலை இருபது விநாடி சறுக்கியிருந்தது.

"ஏழு பதினாலு வண்டி இருபது விநாடி முன்னாடியே கிளம்பிடுச்சாம்" என்று, துப்புரவுக்கார ஒகினோ அம்மா கொடுத்த புகார் அட்டையைப் படித்து வெளிறினார் நிலைய அதிகாரி இசோபே. அவர் பொறுப்பேற்று நாளையோடு ஆயிரம் நாள். ஒரு புகார்கூடக் கிடையாது. நாளைக்குத் தலைமை அலுவலகம் கேடயமும் பதவி உயர்வும் தரவிருந்தது.

"ஐயா, அந்தப் புகார்ப் பெட்டி விஷயமா ஒண்ணு..." என்று இழுத்தார் ஒகினோ அம்மா.

"அப்புறம் பேசலாம்மா! முதல்ல மன்னிப்பு!"

இன்றைய ஏழு பதினாலு வந்து நின்றது. இசோபே ஒலிபெருக்கியைப் பிடித்தார். முழு மன்னிப்பையும் கேட்காமல் பயணிகளை அனுப்புவது மரியாதையா? கதவுகள் திறந்தே இருந்தன. மன்னிப்பு முடிந்தபோது வண்டி ஒரு நிமிடம் தாமதம்.

"இப்ப தாமதத்துக்கும் கேக்கணுமே ஐயா" என்றார் உதவியாளர் குசாகா.

கேட்டார்கள். நிலைய ஊழியர்கள் நால்வரும் வெள்ளைக் கையுறையோடு வரிசையாக நின்று இடுப்பு வளையக் குனிந்தார்கள். பயணிகள் சும்மா இருப்பார்களா? பதிலுக்குக் குனிந்தார்கள். அதற்கு இவர்கள் மறுபடி குனிந்தார்கள்.

"குனிஞ்சது போதும், வண்டிய எடுங்கய்யா!" என்று உள்ளிருந்து ஒரு குரல்.

அதற்குள் ஐந்து நிமிடம் ஆகிவிட்டது. ஐந்து நிமிடமானால் அலுவலகத்தில் காட்டத் தாமதச் சீட்டு கொடுத்தாக வேண்டும். சீட்டுக்கு நின்ற வரிசை படிக்கட்டை அடைத்தது. அடுத்த வண்டிக்கு வந்தவர்கள் நடைமேடைக்கு இறங்க முடியாமல் அதைத் தவறவிட்டு, அவர்களும் வரிசையில் சேர்ந்துகொண்டார்கள்.

ஒன்பது மணிக்குத்தான் நடைமேடை காலியானது. இசோபே நாற்காலியில் சாய்ந்தார்.

"போகட்டும். அந்த ஒரு ஆளைத் தேடிப்பிடிச்சு, கால்ல விழுந்தாவது புகாரை வாபஸ் வாங்க வெச்சிடலாம். ஆயிரம் நாள்ல ஒரே ஒரு புகார்தானே!"

ஒகினோ அம்மா இரண்டு கை நிறைய அட்டைகளோடு வாசலில் நின்றார்.

"இதெல்லாம் இன்னிக்கு எழுதினதுங்க. உள்ள போக மாட்டேங்குது. காலையில குடுத்தேனே, அதுவும் உள்ள போகாம வாயில துருத்திக்கிட்டு நின்னதுதான். பெட்டி ரொம்பிடுச்சுங்க. நீங்க வந்ததுலேருந்து அதை யாரும் திறக்கவே இல்லையே."