ரொட்டிக்கடையில் நடந்தது என்ன?

மாலைப் பத்திரிகை என்று ஒன்று இருந்தால், கடை வாசலில் தொங்கும் அதன் போஸ்டரை எழுதத் தகுதியான ஆள் ஒருவர் வேண்டும். அந்த மேன்மை தாங்கிய பொறுப்பை வகித்தவரை ஆபீசில் எல்லோரும் பரபரப்பு சார் என்றே கூப்பிட்டார்கள். போஸ்டர் காலையிலேயே அச்சுக்குப் போய்விடும். செய்தி மத்தியானம்தான் வரும். ஆகவே முதலில் தலைப்பு, பிறகு அதற்கு ஏற்ற செய்தி என்பது நிர்வாகத்தின் நிலையான நடைமுறை. சிலசமயம் செய்தி வராமலே போய்விடும். அதற்காகப் பேப்பர் நின்றதாகச் சரித்திரம் இல்லை.

அவருடைய மைத்துனன் கையில் இருந்ததையெல்லாம் கொட்டி ஒரு ரொட்டிக்கடை திறந்தான். தம்பி கடையைப் பற்றி நாலு வரி போடக்கூடாதா என்று மனைவி நச்சரித்தாள். ஆசிரியரோ, கடை திறப்பதெல்லாம் செய்தியா, அங்கே ஏதாவது நடந்ததா என்று கேட்டார். நடந்தது ஒன்றே ஒன்றுதான்: முதல் நாள் அடுப்பில் வைத்த ரொட்டி கருகிப்போனது. பாவம், பரபரப்பு சார் நல்ல எண்ணத்தோடுதான் எழுதினார்.

'புது ரொட்டிக்கடையில் பயங்கரம்! அடுப்புக்குள் கருகிய நிலையில்...'

பேப்பர் சக்கைப்போடு போட்டது. ரொட்டிதான் விற்கவில்லை. வந்தவர்கள் எல்லாம் அடுப்பை எட்டிப் பார்த்து, உச்சுக்கொட்டிவிட்டுப் போனார்கள். சாயந்திரம் சுகாதார அதிகாரி வந்து, ஷட்டரை இறக்கிச் சீல் வைத்தார்.

மறுநாள் மாமனும் மைத்துனனும் அதிகாரியிடம் ஓடினார்கள். உள்ளே இருக்கிற செய்தியைப் படித்தீர்களா என்று பரபரப்பு சார் பணிவாகக் கேட்டார்.

"நாங்க தலைப்பை மட்டும்தான் வெட்டி ஃபைல்ல ஒட்டுவோம். செய்தியையும் சேர்த்து ஒட்டினா ஃபைல் மூடாதே சார்," என்றார் அதிகாரி.

சீலை எடுக்கவும் முறை இருந்தது. ஒன்றும் நடக்கவில்லை என்று அதே பேப்பரில், அதே அளவு எழுத்தில் தலைப்பு வரட்டும். வெட்டி ஒட்டிய மறு நிமிஷம் சீல் அகற்றப்படும்.

வெளியே வந்ததும் மைத்துனன், "மாமா, இந்த வாரத்துக்குள்ள கடை திறக்கலைன்னா நான் நடுத்தெருவுலதான்," என்றான். பரபரப்பு சார் நேரே ஆபீசுக்கு ஓடினார்.

ஆசிரியர் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். 'ரொட்டிக்கடை மர்மம்: மூடி மறைத்த உண்மை அம்பலம்' என்று போட்டுத் தொலையேன், அதுவும் மறுப்புதானே என்றார் ஆசிரியர். இவர் பிடித்த பிடியை விடவில்லை. கடைசியில் ஒரே ஒரு நாளைக்கு என்று அவர் மனமிரங்க, மறுநாள் ஊரெங்கும் போஸ்டர் தொங்கியது: 'ரொட்டிக்கடையில் ஒன்றும் நடக்கவில்லை. ரொட்டி கருகியது, அவ்வளவே.'

அன்று பேப்பரை ஒருத்தரும் சீண்டவில்லை. கட்டுகள் கயிறு அவிழாமல் திரும்பி வந்தன.

அடுத்த நாள் அதிகாரியிடம் போனால், அவர் கையை விரித்தார்.

"நேத்துப் பேப்பர் நாங்க வாங்கலியே. ஒண்ணும் நடக்கலைன்னு போஸ்டர்லயே போட்டுட்டீங்க. அப்புறம் எதுக்குக் காசு குடுத்து வாங்கணும்?"

பரபரப்பு சார் பையிலிருந்து ஒரு பிரதியை எடுத்து நீட்டினார். சம்பந்தப்பட்டவர் கொண்டுவரும் பேப்பர் செல்லாது, ஆபீஸ் வாங்கிய பேப்பர்தான் ஃபைலில் ஏறும் என்று அதிகாரி விதியைச் சொல்லி அனுப்பிவிட்டார்.

தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு தெருவில் இறங்கியபோது, எதிர்க்கடையில் போட்டிப் பத்திரிகையின் போஸ்டர் கண்ணில் பட்டது: 'பிரபல மாலைப் பத்திரிகை ஆபீசில் விபரீதம்! வாசகர்கள் அதிர்ச்சி!'

அவருக்குத் திக்கென்றது. என்ன ஆச்சோ, ஏது ஆச்சோ என்று கூட்டத்தில் முண்டியடித்துக் காசை நீட்டினார். மைத்துனன் அதற்குள் ஒன்று வாங்கிவிட்டிருந்தான். இருவரும் பரபரவென்று பிரித்தார்கள். உள்ளே, மூலையில் இரண்டே வரி: ஒரு மாலைப் பத்திரிகையில் நேற்று தலைப்பும் செய்தியும் ஒன்றாகவே இருந்தனவாம்.

சுகாதார ஆபீசின் மாடி ஜன்னல் திறந்தது. ஒரு கையில் அதே பேப்பர், மறு கையில் கத்தரிக்கோலுடன் சுகாதார அதிகாரி எட்டிப் பார்த்தார்.

"சார், போயிடாதீங்க. உங்க பத்திரிகை ஆபீசுக்கு மொத்தம் எத்தனை வாசல்?"