பச்சை பூத்த காசு

காலைல பல்லு விளக்கிட்டு இருக்கும்போதே பூதக்கண்ணாடி ஒரு முடிவுக்கு வந்துட்டாரு. இனிமே அந்த ஜன்னல் மேஜை அவருக்குத்தான். உசுரே போனாலும் சரி, நுரையே வழிஞ்சாலும் சரி.

பூதக்கண்ணாடிங்கிறது பட்டப்பேரு. கண்ணாடிக் கடையில லென்ஸ் தேய்க்கிறாரு. கடையிலேர்ந்து வீட்டுக்குக் கொண்டுவந்தது ஒரே ஒரு லென்ஸ்தான். அதை வலது கண்ணுல இடுக்கிக்கிட்டுப் பழைய செம்புக் காசைப் பாக்குறதுதான் அவரோட பொழுதுபோக்கு, தவம், வியாதி எல்லாம். மொத்தம் நாப்பத்தி மூணு காசு. ஒண்ணுகூட எங்கயும் செல்லாது. அந்த வீட்டுல அவரு பேச்சும் அதே ரகம்தான்.

வீட்டுல வெளிச்சம் ஒழுங்கா விழுறது அந்த ஒரு ஜன்னல்லதான். அதுக்குக் கீழ மேஜை. மேஜை மேல பதினோரு வருஷமா சம்சாரத்தோட தையல் மிஷின். தெருவுல பாதிப் பேரு மானத்தைக் காப்பாத்துறதே அந்த மிஷின்தான்.

"ஞாயித்துக்கிழமை நாணயச் சங்கத்துச் செயலாளர் வராரு. காசைப் பாத்துட்டுத்தான் என்னைச் சங்கத்துல சேக்குறதா வேணாமான்னு சொல்லுவாரு. எனக்கு மேஜை வேணும்."

"அப்ப மிஷினு?"

"சமையக்கட்டுல போட்டுக்கோ."

"அங்க கருப்பு நூலு எது நீல நூலு எதுன்னே தெரியாதுங்களே."

"இங்க என் காசுல பச்சை எது கருப்பு எதுன்னு தெரிய வேணாமா? செம்பு மேல ஏறுற நிறம் இருக்கே, அது ஒரு கடல்!"

"அந்தக் கடலைக் கொண்டுபோய்ச் சமையக்கட்டுல வையுங்க."

"முடியாது!"

கத்திட்டாரு. கல்யாணமாகி முதல் தடவை. கத்தின கத்துல அவருக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு. சம்சாரம் வாயில கவ்வியிருந்த ஊசியை நிதானமா எடுத்தாங்க.

"சரிங்க."

விவரம் தெரிஞ்ச புருஷனா இருந்தா, அந்த 'சரிங்க'வைக் கேட்டதும் மன்னிப்பு கேட்டுட்டு மறுவேலை பாத்திருப்பான். இவரு மிஷினைத் தூக்கிச் சமையக்கட்டுல வச்சுட்டு இடுப்பைப் பிடிச்சுக்கிட்டாரு.

சாயங்காலம் சம்சாரம் பக்கத்துல வந்து உக்காந்தாங்க. "ஏங்க, காசு பச்சையா இருந்தா கெட்டுப்போச்சுன்னு அர்த்தமா?"

பூதக்கண்ணாடிக்குக் கண்ணு கலங்கிடுச்சு. பதினோரு வருஷத்துல காசைப் பத்தி ஒருத்தர் கேட்ட முதல் கேள்வி!

"பச்சையில ரெண்டு இருக்கு பாரு. ஒண்ணு நல்ல பச்சை. கரும்பச்சையா, வழவழன்னு, தோலு மாதிரி ஒட்டிக்கிட்டிருக்கும். அது வரவே நூறு வருஷம் ஆகும். அதைத் தேய்ச்சா காசோட கௌரவமே போச்சு. இன்னொண்ணு நோய்ப் பச்சை. வெளிர்பச்சையா புள்ளிபுள்ளியா பூக்கும். பல்லுகுத்துற குச்சியால தட்டினா மாவா உதிரும். ஈரம் பட்டுச்சோ, காசையே அரிச்சுத் தின்னுடும். பக்கத்துக் காசுக்கும் பரவும்!"

"அய்யய்யோ! வெளிர்பச்சைன்னா எந்த வெளிர்பச்சைங்க?"

அவரு சுத்திமுத்திப் பாத்தாரு. சம்சாரத்தோட தையல் டப்பாவுல, துணியில கோடு போடுற சாக்பீஸ் கெடந்துச்சு. எடுத்து நீட்டினாரு. "இதோ. அச்சு அசலா இந்தக் கலரு."

"ஓ," ன்னாங்க சம்சாரம்.

செவ்வாய்க்கிழமை ரெண்டு காசுல வெளிர்பச்சைப் புள்ளி. குச்சியால தட்டினாரு. பொலபொலன்னு மாவு. புதன்கிழமை ஒம்பது. வியாழக்கிழமை இருபத்தி ஒண்ணு. வீட்டையே ஆஸ்பத்திரி ஆக்கிட்டாரு. சோப்பு டப்பாவுல தீவிர சிகிச்சைப் பிரிவு, பிஸ்கட் டின்னுல சாதாரண வார்டு, பொத்தான் டப்பாவுல ஆரோக்கியமான காசுங்க. மூக்குல துணி கட்டிக்கிட்டாரு. தும்மல் வந்தா தெருவுக்கு ஓடிப்போய்த் தும்மினாரு.

"பாவங்க," ன்னாங்க சம்சாரம். "அப்புறம், கடையிலேர்ந்து வரும்போது சாக்பீஸ் ரெண்டு வாங்கிட்டு வாங்க. வெளிர்பச்சை. என்னமோ இந்த வாரம் மளமளன்னு தேஞ்சுபோச்சு."

வாங்கிட்டு வந்தாரு. கலரு மாறிடக் கூடாதேன்னு லென்ஸ் வச்சுப் பாத்து வாங்கிட்டு வந்தாரு.

வெள்ளிக்கிழமை முப்பத்தி நாலு. பூதக்கண்ணாடி தலையில கை வச்சு உக்காந்துட்டாரு. "நாளன்னைக்குச் செயலாளர் வராரு. என் மானம் கப்பலேறப் போகுது!"

"ஏங்க, ஈரம்னு சொன்னீங்களே. ஜன்னல்ல சாரல் அடிக்குமே?"

"அட, ஆமா! சாரல்!"

"சமையக்கட்டுலயும் ஆவி. பரண்தான் காய்ஞ்சு கெடக்கு."

"பரண்!" துள்ளி எழுந்துட்டாரு. "நான் காசோட பரணுக்குப் போறேன். இந்த நோய் பிடிச்ச மேஜையை நீயே எடுத்துக்கோ!"

"எனக்குப் பரவாதுங்களா?"

"நீ என்ன செம்பா? பேசாம உக்காந்து தை!"

அன்னைலேர்ந்து பரண்ல குப்புறப் படுத்து, டார்ச் அடிச்சுக் காசு பாத்தாரு. அதுக்கப்புறம் ஒரு புள்ளிகூடக் கூடல. வைத்தியம் பலிச்சிடுச்சேன்னு நெஞ்சை நிமித்தினாரு. டங்குன்னு தலை கூரையில இடிச்சுச்சு.

ஞாயித்துக்கிழமை செயலாளர் வந்தாரு. தொழிலு பல் டாக்டர். பரண் ஏற மாட்டேன்னுட்டாரு. டப்பாவெல்லாம் ஜன்னல் மேஜைக்கு இறங்கி வந்துச்சு. ஒரு காசை வெளிச்சத்துல பிடிச்சு, பழக்கதோஷத்துல "எத்தனை நாளா வலி?" ன்னாரு.

"செவ்வாய்லேர்ந்து சார்."

"நோய்னா அடியில குழி விழுந்திருக்கணுமேங்க, சொத்தைப் பல்லு மாதிரி. இது மேலாப்புலதான் உக்காந்திருக்கு." கட்டைவிரலால மெதுவா ஒத்தினாரு. புள்ளி விரலோட வந்துடுச்சு. அடியில கரும்பச்சை வழவழன்னு சிரிச்சுச்சு. அவரு குனிஞ்சு தன் பேன்ட்டு மடிப்பைப் பாத்தாரு. அங்கயும் அதே கலருல ஒரு கோடு.

"ஏம்மா, போன வாரம் இந்தப் பேன்ட்டைக் குட்டையாக்கிக் குடுத்தது நீங்கதானே? இதுவும் உங்க கைவேலையா?"

"ஆமாங்க."

"அடிப்பாவி!" ன்னாரு பூதக்கண்ணாடி.

"ஏங்க, கலரு காட்டினது நீங்க. சாக்பீஸ் வாங்கியாந்தது நீங்க. நான் வெறும் கூலி வேலைதானே பாத்தேன்?"

"சார், நீங்களே நியாயம் சொல்லுங்க!"

செயலாளருக்கு நியாயத்துல நாட்டமில்ல. "ஏம்மா, ஒரு காசுலகூடக் கீறல் இல்லையே. எப்படி வச்சீங்க?"

"பொடியாக்கி, பஞ்சால ஒத்தி ஒத்தி வச்சேங்க. தேய்ச்சா கௌரவம் போயிடும்னு இவரு சொன்னாரே. இவரு மேல கோவம்னா காசு என்னங்க பண்ணுச்சு?"

செயலாளர் உருகிப்போய் மூக்கை உறிஞ்சினாரு. சங்கத்துலயே நாலு பேரு எலுமிச்சம்பழம் போட்டுக் காசைத் தேய்ச்சவங்க.

"ஆனா சார், இந்த ஒண்ணுல நான் கையே வைக்கலைங்க." சம்சாரம் பொத்தான் டப்பாவத் திறந்து, ஆரோக்கியமான காசுங்க நடுவுலேர்ந்து ஒண்ணை எடுத்தாங்க. "ஓரத்துல பாருங்க. இதுக்கு மட்டும் நெசமாவே வந்திருக்கு."

பல் டாக்டர் குச்சியால தொட்டாரு. மாவு உதிர்ந்துச்சு. அடியில குழி. அசல் நோய். அதைத்தான் பூதக்கண்ணாடி அஞ்சு நாளா மத்த காசுங்களுக்கு நடுவுல படுக்கவச்சு, 'நீயாச்சும் நல்லா இருக்கியே கண்ணு'ன்னு கொஞ்சிக்கிட்டிருந்தாரு.

"லென்ஸ் வச்சுப் பாத்தீங்களாம்மா?"

"இல்லைங்க. ஊசி கோக்குற கண்ணு."

அடுத்த வாரம் சங்கத்துலேர்ந்து உறுப்பினர் அட்டை வந்துச்சு. பூதக்கண்ணாடி பரண்லேர்ந்து ஒரே தாவா தாவி, கையெழுத்துப் போட்டு வாங்கி, லென்ஸை இடுக்கிக்கிட்டுப் படிச்சாரு. உறுப்பினர் பேருன்னு இருந்த இடத்துல சம்சாரம் பேரு. அதுக்குக் கீழ பொடி எழுத்துல ஒரு வரி:

'துணைக்கு ஒருவர் வரலாம். காசைத் தொடக் கூடாது.'