சாக்குக்குள் உட்கார்ந்த பேய்

ஜப்பான்காரன் ஆட்சியில் மலாயாவின் பத்து காஜா ஊர்ப் பக்கம் சீனி கிடைக்கவில்லை, சீனிச்சாமி கிடைத்தார். பேயோட்டுவதில் புலியாம்! கித்தா என்கிற ரப்பர்த் தோட்டத்தில் கூலிகள் குடியிருந்த லயமே அவர் காலடியில் கிடந்தது. அரிசியில்லாமல் மரவள்ளிக்கிழங்கு தின்ற சனம், வாரம் ஒரு கோழியைக் கொண்டுபோய்க் கொடுத்தது. சாமி விரதமாம், கோழி முனிக்காம். நம்பினார்கள்!

இன்று ராக்காயியின் புருஷன் சன்னாசியின் முறை. ஜப்பான் சிப்பாய்க்குக் குனிந்து வணக்கம் போடவில்லை என்று துப்பாக்கிக் கட்டையால் மண்டையில் வாங்கியவன். காயம் ஆறியது, ஆள் மாறிவிட்டான். சாவு வீட்டில் சிரித்தான். ராக்காயி அழுதால், "கண்ணுல தூசியா?" என்றான். முன்பெல்லாம் அவள் முகம் வாடினாலே பதறுகிறவன்!

"முனி பிடிச்சிருக்கு. நூத்தியெட்டுப் பிரம்படி போடணும்," என்றார் சாமி. "முடியாதுன்னா இவன விட்டுட்டுப் போயிரு."

அடிபட்ட உடம்பு அத்தனையும் தாங்குமா? ராக்காயி ஒன்றைக் கவனித்திருந்தாள். சாடையாகச் சொன்னால்தான் சன்னாசிக்குப் புரியாது. "நான் அழுவுறேன், பக்கத்துல உக்காருங்க," என்று வாய்விட்டுச் சொன்னால் வந்து உட்காருவான். இப்படிச் சொன்ன பேச்சைக் கேட்கிற பேய் எந்த ஊரில் இருக்கிறது?

"சாமி கண்ணுக்குப் பேய் தெரியுமா?"

"பளிச்சுன்னு தெரியும்லா!"

"அப்ப எங்க இருக்குன்னு காட்டிட்டு அடிங்க."

சாமியைக் கொட்டகைக்குள் அனுப்பிவிட்டு, சன்னாசியோடு நாலு பேரை வரிசையாக உட்காரவைத்து ஆளுக்கொரு சாக்கால் மூடினாள். சனத்துக்கு வேடிக்கை கசக்குமா?

சாமி பிரம்போடு வந்து ஒவ்வொரு சாக்கின் முன்னும் உறுமினார். ஒன்று கிடுகிடுவென நடுங்கியது. "இதோ முனி!" பளார், பளார்!

"ஐயோ, நான் மண்டோர்லா!" சாக்கை உதறிக்கொண்டு எழுந்தார், கூலிகளை வேலை வாங்கும் மண்டோர் பத்துமலை. சாமியைத் தோட்டத்துக்கு அழைத்து வந்த புண்ணியவானே அவர்தான்.

கடைசிச் சாக்கிலிருந்து சன்னாசி நிதானமாகத் தலையை நீட்டினான். உறுமினால் பயப்பட வேண்டும் என்பதே அவனுக்குத் தோன்றவில்லை. "சாமி, விரதம்னீங்க. வாயில கோழிக்கறி மணக்குதே?"

சனம் கொல்லென்று சிரித்தது. சாமி பிரம்பைப் போட்டுவிட்டு எடுத்தார் ஓட்டம்.

மண்டோர் முதுகைத் தடவிக்கொண்டார். "இவன் போலிலா. கமுந்திங் ஊர்ல ஒரு நெசச் சாமி இருக்காராம், போலாமா?" நாலைந்து தலைகள் உடனே ஆடின.

"என் கையப் பிடிச்சுக்குங்க," என்றாள் ராக்காயி. சன்னாசி பிடித்துக்கொண்டான். அவள் திரும்பிப் பார்த்தாள்.

"அண்ணே, இவருக்கு மண்டையில அடி. இருந்தும் சொன்னாப் புரியுது. உங்களுக்கெல்லாம் எங்க அடிபட்டுச்சு?"